சாவகச் சிற்றூரும் மனை வாங்கும் ஆசையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நான் மேடையேறிப் பழகியவன் அல்லன். 38 ஆண்டுகள் நூற்பாலைக் கதிர்களின் இரைச்சலுக்கிடையே, வாய்ப்பேச்சைவிடக் கையசைவையே மிகுதியாக நம்பி வாழ்ந்தவன். ஆகவே என் உரையில் சொல்லழகை எதிர்பார்க்க வேண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற தீபாவளியன்று நம் காலனி இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பச்சை வயல்களுக்கு நடுவே ஓலைக் கூரையிட்ட வீடு. முற்றத்தில் சிறு குளம். பாலித் தீவில் விற்பனைக்கு இருப்பதாகக் குறித்திருந்தது. "மாமா, நீங்கள் இந்தோனேசியாவில் கிராமத்திலேயே குடியிருந்தவர் அல்லவா? இதை வாங்கலாமா?" என்று கேட்டார். அருகிலிருந்த செயலாளர் அவர்கள், "விடையை எல்லோரும் கேட்கும்படி ஆண்டு விழாவில் சொல்லுங்கள்" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். இன்று நான் இங்கு நிற்பதற்கு இதுவே காரணம்.

நான் வாழ்ந்தது பாலியில் அன்று. சாவகத் தீவின் மேற்குப் பகுதியில். மணிமேகலைக் காப்பியத்தில் சாவகம் என்று படித்திருப்பீர்கள். அப்பெயர் நமக்குப் புதிதன்று. ஆயினும் நான் அங்குப் போனது காப்பியத்தின் வழியாக அன்று, வயிற்றின் வழியாக. இந்த அகமதாபாத் நகரின் ஆலைகள் 1980களில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டதைப் பெரியோர்கள் அறிவீர்கள். நான் பணியாற்றிய ஆலையும் மூடிற்று. சில ஆண்டுகள் அங்கும் இங்கும் அலைந்தபின், 1994 இல் மேற்குச் சாவகத்துப் பூர்வகார்த்தா மாவட்டத்தில் இந்தியர் நடத்தும் நூற்பாலை ஒன்றில் வேலை கிடைத்தது. ஜாத்திலுகூர் என்னும் பேரணை இருப்பதும் அம்மாவட்டத்தில்தான். 1957 இல் தொடங்கி 1967 இல் முடித்த அணை அது.

முதல் ஒன்பது ஆண்டுகள் ஆலைக் குடியிருப்பிலேயே கழிந்தன. சுற்றுச் சுவருக்குள் ஒரு சிறு இந்தியா. வெளியே என்ன மொழி பேசுகிறார்கள் என்று அறியாமலே அங்குப் பல்லாண்டு வாழ்ந்துவிடலாம். அப்படி வாழ்ந்தவர்களும் உண்டு. என் துணைவியாருக்கு அது பிடிக்கவில்லை. கோவை மாவட்டத்து வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். "ஏனுங்க, மண்ணை மிதிக்காம இன்னும் எத்தனை வருசம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மகன் இந்தியாவில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். ஆகவே 2003 இல் பூர்வகார்த்தா நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், வனயாசா என்னும் மலைப்பாங்கான பகுதியில் ஒரு சிற்றூரில் வாடகைக்கு வீடு பிடித்தோம். ஊரின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அங்குள்ளோரைப் பற்றிப் பேசப் போகிறேன் அல்லவா? வனம் என்னும் சொல் அப்பகுதியின் பெயரிலேயே இருக்கிறது. தெற்கே 2,000 மீட்டரைத் தாண்டிய புராங்ராங் மலை, சரிவில் தேயிலை, அதன்கீழே படிப்படியாக நெல்வயல், வீட்டைச் சுற்றி மங்குஸ்தான் மரம். அவ்வூர் மங்குஸ்தான் பெயர்பெற்றது.

அமைதியான கிராமம் என்று சொல்லக் கேட்டுத்தான் போனோம். அமைதி என்றால் ஓசையின்மை என்று எண்ணிவிடாதீர்கள். விடியற்காலை நான்கரைக்குப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி, அதற்கு முன்பே சேவல்கள், இரவெல்லாம் தவளைகள், திருமண வீடென்றால் நள்ளிரவு தாண்டியும் 'டாங்டுட்' பாட்டு. ஆனால் ஒன்பது ஆண்டுகளில் ஒருவர் மற்றொருவரை உரக்க ஏசிக் கேட்டதில்லை. அமைதி என்று அவர்கள் சொன்னது அதைத்தான் போலும்.

அங்குள்ளோர் சுண்டா இனத்தவர், சமயத்தால் இசுலாமியர். அவர்கள் மொழியில் ஒருவர் முன்னே கடந்து போகும்போது சற்றுக் குனிந்து, வலக்கையைத் தாழ்த்தி, "புன்தென்" என்பார்கள். 'பொறுத்தருள்க' என்பது பொருள். அதற்கு மறுமொழி "மங்கா" — 'அப்படியே ஆகுக' என்பது போல. என் துணைவியார் முதல் வாரம் முழுதும், ஊரார் எல்லோரும் தம்மிடம் மாங்காய் கேட்பதாகவே எண்ணியிருந்தார். இந்தோனேசிய மொழியில் மாம்பழத்துக்கும் அதே பெயர்தான்; அது நம் மாங்காயிலிருந்து போன சொல்லே. கப்பல், கடை, கூலி, பெட்டி ஆகியவையும் அம்மொழியில் சிறிது உருமாறி வழங்குகின்றன. தொழிலுக்குப் போடும் முதலை அவர்கள் 'மோடால்' என்கிறார்கள். அதுவும் நம் 'முதல்' தான். வாணிகம் செய்யப் போன நம் முன்னோர் எதை விட்டுவந்தனர் என்பதை அச்சொற்களே காட்டும்.

வாடகை முறை நம்மூர் முறையன்று. மாதாமாதம் கொடுப்பதில்லை. ஓராண்டு வாடகையையோ ஈராண்டு வாடகையையோ மொத்தமாக முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அதற்குக் 'கொந்த்ராக்' என்று பெயர். வீட்டுக்கு உரியவர் கணவரை இழந்த ஒரு மூதாட்டி. ஊரார் அவரை 'எமா' என்று அழைத்தனர். சுண்டா மொழியில் அம்மா என்று பொருள். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். பெரிய வீட்டை எங்களுக்கு விட்டுவிட்டு அவர் பக்கத்துச் சிறு வீட்டில் இருந்தார்.

பணம் கொடுத்துச் சாவி வாங்கினால் குடியேறிவிட்டதாக நாம் எண்ணுகிறோம். அங்கு அப்படியன்று. நாற்பது ஐம்பது வீடுகளுக்கு ஒருவர் என்று அண்டை அயலின் தலைவர் ஒருவர் உண்டு. அந்த அமைப்பின் பெயரைச் சுருக்கி அவரைப் 'பா எர்த்தே' என்பார்கள். சாவகத்தைச் சப்பானியர் ஆண்ட காலத்தில் மக்களைக் கண்காணிக்க ஏற்பட்ட அமைப்பிலிருந்து வந்தது அது. ஆனால் இன்று அது அண்டை வீட்டாரின் நன்மை தீமைக்கு நிற்பதாகிவிட்டது. அவரிடம் கடவுச்சீட்டு, தங்கும் அனுமதி ஆகியவற்றின் படிகளைக் கொடுத்தோம். அவர் அவற்றைப் பாராமலே மடித்து வைத்துவிட்டு, "என்றைக்குச் 'சுக்குரான்' வைக்கிறீர்கள்?" என்றார். குடிபுகுந்த வீட்டார் அயலாரை அழைத்து உணவளிப்பதற்கு அப்பெயர். மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்துப் படைப்பார்கள். நாங்கள் புலால் உண்ணாதவர்கள் என்றதும், கோழி இல்லாத கூம்புச் சோறா என்று சிறிது குழம்பினார்கள். பிறகு அவர்களே தோஃபு, தெம்பே என்னும் சோயாப் பண்டங்களைக் கொண்டுவந்து குறையை நிரப்பிவிட்டார்கள்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை, தாய்மார்களுக்காக. சுண்டா மக்கள் பச்சை இலைகளை அப்படியே உண்பவர்கள். தட்டில் வைத்ததைப் பார்த்தால் மணத்தக்காளிக் காயும் வல்லாரையும்! என் துணைவியார் அவற்றை வற்றலும் துவையலும் ஆக்கிக் கொடுத்தபோது அவர்கள் வியந்தார்கள். வேலியில் நின்ற முருங்கையைப் பறித்துச் சமைத்தபோதோ வியப்பு அச்சமாயிற்று. முருங்கையிலை அங்குப் பேய் பிசாசை ஓட்டுவதற்குரியது. துவையலில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அவர்கள் மிளகாய்த் துவையலில் 'தெராசி' என்னும் இறால் விழுதைக் கலப்பார்கள்; அதைப் புலால் என்று அவர்கள் கணக்கில் கொள்வதே இல்லை. நாங்கள் எத்தனை முறை அறியாமல் உண்டோம் என்பது இறைவனுக்கே வெளிச்சம்.

நிற்க. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சிறு மூங்கில் குழல் தொங்கிற்று. ஒவ்வொரு மாலையும் வீட்டார் அதில் ஒரு பிடி அரிசி இடுவர். இரவு காவல் சுற்றும் ஆடவர் அதைத் திரட்டிச் செல்வர். அரிசி மூங்கிலில் விழும் ஓசையைக் கொண்டு அதற்குப் 'பெரெலெக்' அரிசி என்று பெயர். நம் நாட்டுப் பிடியரிசியேதான். நோயாளி உள்ள வீடு, கைம்பெண் வீடு, சாவு வீடு என்று அவ்வரிசி போய்ச் சேரும். குடிபுகுந்த மூன்றாம் நாள் எங்கள் வாசலிலும் ஒரு குழலைப் பா எர்த்தே தாமே கொண்டுவந்து மாட்டினார். காவல் முறையும் எனக்கு வந்தது. அயல்நாட்டவர், வயதானவர் என்று என்னை விட்டுவிட்டார்கள். நானே கேட்டுச் சனிக்கிழமை இரவு ஒன்றை வாங்கிக்கொண்டேன். காவற் குடிலில் மரவள்ளிக் கிழங்கும் வேர்க்கடலையும் அவித்து வைத்து, இடையிடையே மரப்பறையைத் தட்டிக்கொண்டு விழித்திருந்த அவ்விரவுகளில் கற்ற மொழியே இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

2005 இல் என் மாமியார் ஊரில் காலமானார். செய்தி வந்தபோது எந்த விமானத்தைப் பிடித்தாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாத நிலை. என் துணைவியார் திண்ணையில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தார். யாரிடமும் நான் சொல்லவில்லை. ஆனால் மாலைக்குள் ஊர்ப் பெண்கள் முப்பது பேர் முந்தானையில் அரிசி முடிந்துகொண்டு வந்துவிட்டனர். பா எர்த்தே என்னைத் தனியே அழைத்து, "எங்கள் வழக்கத்தில் ஏழு இரவு ஓதுவோம். உங்கள் வழக்கம் என்ன?" என்று கேட்டார். விளக்கேற்றி வைப்போம் என்றேன். ஏழு இரவும் வந்தார்கள். விளக்கைப் பார்த்தபடி ஒன்றும் ஓதாமல் அமர்ந்திருந்து, தேநீர் பருகிவிட்டுப் போனார்கள். அந்த ஏழாம் நாளுக்குப் பிறகே இவ்வூரிலேயே ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற எண்ணம் என் துணைவியாருக்குத் தோன்றியது என்று நினைக்கிறேன்.

2007 இல் அதற்கு வாய்ப்பும் வந்தது. எமா மெக்காவுக்குப் புனிதப் பயணம் போக விரும்பினார். அவ்வூரில் அதற்காக நிலம் விற்பது வழக்கமே. எங்கள் வீடும், அவர் வீடும், மீன்குளமும், மூன்று மங்குஸ்தான் மரங்களும் சேர்ந்து 60 'தும்பாக்'. தும்பாக் என்பது ஏறத்தாழ 14 சதுர மீட்டர். ஆகவே 840 சதுர மீட்டர். நம் கணக்கில் 21 செண்டுக்குச் சற்றுக் குறைவு. தாம் சாகும்வரை சிறு வீட்டில் இருந்துகொள்ள வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது. விலையோ, அகமதாபாத்தில் ஓர் அறைகூட வாங்க இயலாத தொகை. என் துணைவியார் அன்றிரவே எந்த மூலையில் கறிவேப்பிலை வைப்பது என்று பேசத் தொடங்கிவிட்டார்.

இங்குதான் சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன். இந்தோனேசியாவில் நிலவுரிமை பலவகை. முழு உரிமைக்கு 'ஹாக் மிலிக்' என்று பெயர். 1960 செப்டம்பர் 24 அன்று இயற்றிய அடிப்படை நிலச் சட்டத்தின்படி அது இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. அயல்நாட்டவருக்கு அதை நேராகவோ மறைமுகமாகவோ மாற்றிக் கொடுத்தால் அம்மாற்றம் செல்லாது; நிலம் அரசைச் சேரும்; கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் இயலாது. இம்மூன்றும் 26ஆம் பிரிவில் அடுத்தடுத்து நிற்கின்றன. தங்கும் அனுமதி பெற்ற அயல்நாட்டவர் கொள்ளத்தக்கது பயன்படுத்தும் உரிமை. அதற்கு 'ஹாக் பகாய்' என்று பெயர். 2021 இல் வந்த விதிகளின்படி அது 30 ஆண்டு. பின் 20 ஆண்டு நீட்டிப்பு. அதன்பின் 30 ஆண்டு புதுப்பிப்பு. ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு மனையே. 2,000 சதுர மீட்டருக்கு மேற்படலாகாது. மாகாணந்தோறும் அரசு குறித்த குறைந்த அளவு விலைக்குக் கீழான வீடு கூடாது. சிற்றூர் வீடு எதுவும் அவ்விலைக்கு அருகே வராது. நெல்வயலோ அறவே கூடாது. வயலைப் பொறுத்தவரை ஜகார்த்தாவில் இருக்கும் இந்தோனேசியர்கூட வேற்று வட்டாரத்தில் வாங்கிப் போட்டு வைக்கலாகாது என்று 1961 இலேயே விதி உண்டு. அவ்விதியைப் பலர் மீறுகிறார்கள் என்பது வேறு செய்தி.

இது என்ன கொடுமை என்று எனக்கும் முதலில் தோன்றிற்று. காவற் குடிலில் இருந்த முதியவர் ஒருவர்தாம் காரணத்தை விளக்கினார். கிழக்கே அடுத்த மாவட்டம் சூபாங். 1811 முதல் 1816 வரை சாவகம் ஆங்கிலேயர் கையில் இருந்தபோது, ராஃபிள்ஸ் என்னும் ஆளுநர் கருவூலத்தை நிரப்ப அங்குள்ள பெருநிலப் பரப்பை ஊர்களோடும் குடிகளோடும் சேர்த்துத் தனியாருக்கு விற்றார். வாங்கியவர் நிலத்துக்கு மட்டுமன்று, குடிகளின் உழைப்புக்கும் உரிமை கொண்டாடினர். இத்தகைய தனியார் நிலங்களை ஒழிக்கும் சட்டம் 1958 இல்தான் வந்தது. எங்கள் மலைப்பகுதியிலோ 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே டச்சுக் கம்பெனிக்குக் காப்பியைக் கட்டாயமாகப் பயிரிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. 1870 ஆம் ஆண்டுச் சட்டம், உரிமை மெய்ப்பிக்க இயலாத நிலமெல்லாம் அரசுடையது என்று கொண்டு, 75 ஆண்டுக் குத்தகையாகத் தோட்ட முதலாளிகளுக்கு வழங்க வழிசெய்தது. "என் பாட்டனார் தம் ஊரிலேயே வேற்றார் நிலத்தில் கூலி" என்றார் முதியவர். கூலி என்னும் அச்சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு என்னவோ போலிருந்தது. 1960 ஆம் ஆண்டுச் சட்டம் யாரை நினைத்து எழுதியது என்று பிறகு நான் கேட்கவில்லை.

நம்மூரிலும் இத்தகைய தடை இல்லாமலில்லை. அயல்நாட்டுக் குடிமகன் இந்தியாவில் வேளாண் நிலம் வாங்க முடியாது. அவ்வளவு ஏன், இந்தக் குஜராத்தில் மூன்று தலைமுறையாக வாழும் நம்மவரும், வேளாண் குடியினர் அல்லாதவராயின், ஆட்சியர் அனுமதியின்றி ஓர் ஏக்கர் வயல் வாங்க இயலாது. 1948 ஆம் ஆண்டுப் பம்பாய்க் குத்தகைச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது.

மேடானில் தமிழர்கள் சொந்த வீட்டில் வாழ்கிறார்களே என்று கேட்கலாம். சுமத்திராவின் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழிவந்து, இந்தோனேசியக் குடிமக்கள் ஆனவர்கள் அவர்கள். அவர்களுக்கு இத்தடை இல்லை. தடை இனத்துக்கன்று, குடியுரிமைக்கு.

சட்டம் இப்படியிருக்க, ஊருக்கு ஊர் அதைச் சுற்றிப் போக வழி சொல்லும் தரகர்களும் உண்டு. எங்களிடமும் ஒருவர் வந்தார். எமாவின் சகோதரி மகன் பெயரில் பத்திரம், பணம் என்னுடையது, அவர் எனக்கு அத்தொகையைக் கடன்பட்டிருப்பதாக ஒரு சீட்டு, நிலத்தை ஆளவும் விற்கவும் எனக்கு அதிகாரம் கொடுக்கும் ஒரு சீட்டு, எல்லாம் சான்றலுவலர் முன் கையொப்பமிட்டு முத்திரையோடு. இதற்கு அங்கே 'பெயரைக் கடன் வாங்குதல்' என்று பெயர். நாம் பினாமி என்கிறோம். நம் நாட்டில் 1988 முதல் சட்டத்தால் விலக்கப்பட்டது. என் ஆலை நண்பர் ஒருவர், நம் தமிழரே, 2004 இல் இம்முறையில் தம் ஓட்டுநர் பெயரில் மலைச்சரிவில் மனை வாங்கி வீடும் கட்டியிருந்தார். மூலப்பத்திரம் அவருடைய இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. "என் பெட்டியில் இருக்கும்வரை நிலம் என்னுடையது" என்பார். ஆகவே எனக்கும் சபலம் தட்டிற்று. மறைக்காமல் சொல்கிறேன்: முன்பணத்தை எண்ணி உறையில் போட்டு வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை இரவு காவலில் பா எர்த்தே என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். கேள்விப்பட்டிருந்தார். சுண்டா மக்கள் எதையும் நேரே மறுத்துச் சொல்ல மாட்டார்கள். அன்று அவர் நேரே சொன்னார். "பா, அவன் பெயரில் வாங்கினால் நிலம் அவனுடையது. அவன் இறந்தால் அவன் பிள்ளைகளுடையது. நாளைக்கு வழக்கு வந்தால் என்னிடம்தான் முதலில் வருவீர்கள். அவன் எங்கள் ஊரான். நீங்கள் எங்கள் விருந்தாளி. நான் யாரை ஊரைவிட்டுப் போகச் சொல்வது?" அதற்கு என்னிடம் விடையில்லை. சிறிது நேரம் கழித்து, "எமாவுக்கு நிலத்தை விற்க வேண்டும் என்றா ஆசை? மெக்காவுக்குப் போக வேண்டும் என்றுதானே ஆசை?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய் மரப்பறையைத் தட்டினார்.

அதன்பின் நடந்தது சுருக்கம். ஐந்தாண்டு வாடகையை மொத்தமாக எமாவிடம் கொடுத்தோம். புனிதப் பயணத்துக்கு வங்கியில் முன்பணம் கட்டினால் வரிசையில் ஓரிடம் கிடைக்கும். அத்தொகையைக் கொண்டு அவர் தம் பெயரைப் பதிந்துகொண்டார். நிலம் அவரிடமே இருந்தது. எமாவுக்கு மகிழ்ச்சி, எனக்கு நிம்மதி, என் துணைவியார் மட்டும் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. "பிறந்த ஊரிலும் இல்லை, பிழைத்த ஊரிலும் இல்லை, இங்கேயும் இல்லை என்றால் நமக்கு எங்கேதான் ஒரு பிடி மண்?" என்று ஒன்பதாம் நாள் கேட்டார். இக்கேள்விக்கு அன்று நான் ஏதோ சமாதானம் சொன்னேன். இந்தக் காலனியில் உள்ளவர்களுக்கு அக்கேள்வியின் எடை தெரியும்.

2009 இல் நண்பரின் ஓட்டுநர் இளவயதிலேயே மாரடைப்பால் இறந்தார். நல்ல மனிதர், பெயரைக் கடன் கொடுத்ததற்காக ஒரு காசும் மேலே கேட்டவரல்லர். ஆனால் அதிகாரம் கொடுத்தவர் இறந்ததும் அதிகாரச் சீட்டு செத்துவிட்டது. நிலம் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று பலருக்கும் பங்காயிற்று. அவர்கள் தீயவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குடும்பத்தலைவனை இழந்து, பத்திரத்தில் அவன் பெயரைக் காண்பவர்கள் வேறு என்ன எண்ணுவார்கள்? வழக்குத் தொடுக்கலாமா என்று நண்பர் சட்டம் அறிந்த ஒருவரைக் கேட்டார். வாய்திறந்தால் சட்டத்தை ஏய்க்க முயன்றதை நீங்களே ஒப்புக்கொள்வதாகும் என்று அவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வைத்த தேக்குக் கதவைக்கூட நண்பரால் கழற்றிக் கொணர முடியவில்லை. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020 இல் விடுத்த சுற்றறிக்கையில் இதைத் தெளிவாகவே வரையறுத்துவிட்டது: அயல்நாட்டவர் பணத்தால் வாங்கியதாயினும், சான்றிதழில் எவர் பெயர் உள்ளதோ அவரே நிலத்துக்கு உரியவர். இரும்புப் பெட்டியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அதே 2009 ஆம் ஆண்டு செப்டம்பர் 2 அன்று மேற்குச் சாவகத்தில் பெரிய நிலநடுக்கம். நாங்கள் வயலுக்கு ஓடினோம். புதிதாகக் கட்டிய செங்கல் சுவர்கள் சில வெடித்தன. எமாவின் மரச் சட்டமும் மூங்கில் தட்டியும் கொண்ட பழைய வீடு ஆடிவிட்டு நின்றுகொண்டது. அங்கு வீடெடுப்போர் பழைய மூங்கில் வீட்டை ஏளனமாகப் பார்க்க வேண்டா என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது படம் காட்டிய தம்பிக்கு விடை. அத்தகைய வீடுகளுக்கு விலை என்று விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் 25 ஆண்டு, 30 ஆண்டுக் குத்தகைத் தொகையே. வாங்குவது என்ற சொல்லில் மயங்க வேண்டா. எத்தனை ஆண்டு, நீட்டிப்புக்கு என்ன விலை, உரியவர் இறந்தால் வாரிசுகள் கட்டுப்படுவார்களா என்று கேளுங்கள். சான்றிதழை மாவட்ட நில அலுவலகத்தில் சரிபார்க்காமல் ஒரு காசும் கொடுக்க வேண்டா. சிற்றூர்களில் இன்னும் பலரிடம் இருப்பது பழைய வரி ஏட்டின் படியே, அது உரிமைப் பத்திரம் ஆகாது. பாலியில் ஊர்ச்சபைக்குப் பொதுவான மனைகளும் உண்டு. குடியிருப்பவருக்கே அவற்றை விற்கும் உரிமை இல்லை. வயலுக்கு நடுவே வீடென்றால் நீர் யாருடையது என்றும் கேளுங்கள். எங்கள் எமாவின் மீன்குளத்துக்கு மேல் வீட்டுக் குளத்திலிருந்து மூங்கில் வழியே நீர் வரும். எங்கள் குளத்திலிருந்து கீழ் வீட்டுக்குப் போகும். ஒருவர் அடைத்தால் ஏழு குளம் வற்றும். ஈகைப் பெருநாளுக்கு முன் எல்லாக் குளங்களையும் முறைவைத்து வடித்து மீனைப் பங்கிடுவார்கள். மதிலெழுப்பி நீரை அடைத்துக்கொண்டு, ஊரார் முகங்கொடுத்துப் பேசாத மாளிகையில் வாழ்ந்தவரையும் நான் அங்குப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, தங்கும் அனுமதி எதைச் சார்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். என்னுடையது வேலையைச் சார்ந்தது. 2012 இல் ஓய்வு பெற்றேன். அனுமதியும் அதோடு முடிந்தது. அன்று அந்த 21 செண்டு என் பணத்தில் வேறொருவர் பெயரில் இருந்திருந்தால் எந்த மனத்தோடு விமானம் ஏறியிருப்பேன் என்று இன்றும் எண்ணுவதுண்டு.

எமாவின் முறை 2013 இல் வரவேண்டியது. மெக்காப் பள்ளிவாசல் விரிவாக்கப் பணிக்காக அவ்வாண்டு எல்லா நாட்டுப் பயணிகளின் எண்ணிக்கையையும் குறைத்ததால் தள்ளிப்போயிற்று. 2014 இல் போய் வந்தார். பா எர்த்தேயின் மகன் படம் அனுப்பினான். வெள்ளாடையில் எமா, பின்னால் மங்குஸ்தான் மரம். இப்போது அவர் இல்லை. பெரிய வீட்டில் அவர் பேரன் குடும்பத்தோடு இருக்கிறான்.

புறப்பட்ட நாளன்று என் துணைவியார், வீட்டில் மீந்திருந்த அரிசியையெல்லாம் வாசல் குழலில் கொட்டினார். கொள்ளாமல் வழிந்தது. பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் ஓடிவந்து பொறுக்கிக் கூடையில் சேர்த்தனர். காலிக் குழலைப் பா எர்த்தே கழற்றி, எங்கள் கைப்பையில் வைத்துவிட்டார். சுங்கச் சோதனையில் இது என்ன என்று கேட்டார்கள். விளக்கிச் சொல்ல நேரமில்லை, சமையல் பாத்திரம் என்று சொல்லிவிட்டோம். அது உண்மையாகவே ஆகிவிட்டது. அதில் இன்று கடுகு போட்டு வைத்திருக்கிறார்கள். பார்க்க விரும்பும் தாய்மார்கள் எங்கள் வீட்டுக்கு எந்த மாலையிலும் வரலாம்.